ஒரு பாயிண்டின் உச்ச மதிப்பு

1

இது கட்டுரையாக இருந்திருக்க வேண்டும். கேட்டவர் என் அக்காவின் கணவர். அவருடைய கம்பெனி ஊழியர்களுக்காக ஒரு மாத இதழ் நடத்துகிறது. அதில் விமானப் பாயிண்டுகள் பற்றி நாலு பக்கம் வேண்டும் என்றார்.

"விஷயம் நான் சொல்றேன், தமிழ் நீ போடும்மா."

விஷயம் சொன்னார். தமிழ் போட்டேன். பாதி முடிந்திருந்தபோது அக்காவை விமான நிலையத்தில் திருப்பி அனுப்பினார்கள். அதன்பின் கட்டுரை நகரவில்லை. என்ன எழுதினாலும் வாக்கியத்தின் நடுவில் அக்கா பெட்டியோடு வந்து நின்றாள். சரி, நிற்கட்டும் என்று அவளைச் சுற்றி எழுதத் தொடங்கினேன்.

ஆகவே இது கதை. கோபத்தில் எழுதியது. ஆறிய பிறகு எழுதியிருந்தால் நன்றாக வந்திருக்கும் என்று சொல்பவர்கள் ஆறிய பிறகு படிக்கலாம்.

2

கட்டுரையாக இருந்தபோது இதன் தொடக்கம் இப்படி:

"ஒரு பாயிண்டின் மதிப்பை அறிவது எளிது. டிக்கெட்டின் விலையிலிருந்து, எப்படியும் நாம் கட்டவேண்டிய வரியைக் கழியுங்கள். மிச்சத்தை, கேட்கப்படும் பாயிண்டுகளால் வகுங்கள். வரும் எண் பெரிதாக இருந்தால் எடுங்கள். சிறிதாக இருந்தால் காத்திருங்கள்."

இது சரியான கணக்கு. இப்போதும் சரி. யாராவது இந்தப் பத்தியை மட்டும் கிழித்து வைத்துக்கொண்டால் எனக்கு ஆட்சேபம் இல்லை. பாயிண்டைக் கொடுத்து டோஸ்டர் வாங்காதீர்கள் என்பதும் சரி. கிட்டத்து ஊருக்குச் செலவழிக்காதீர்கள், தூரத்து ஊருக்கு, முன்பக்கத்து இருக்கைக்கு, பல மாதம் முன்னால் எடுங்கள் என்பதும் சரி.

பிழை "காத்திருங்கள்" என்ற சொல்லில் இருக்கிறது. யார் காத்திருக்க வேண்டும் என்று அந்த வாக்கியம் சொல்லவில்லை.

[விமானக் கம்பெனிகள் இதற்கு விசுவாசத் திட்டம் என்று பெயர் வைத்திருக்கின்றன. விசுவாசம் நம்முடையது, திட்டம் அவர்களுடையது. பாயிண்ட் உங்கள் சொத்து அல்ல, அதன் மதிப்பை எப்போது வேண்டுமானாலும் மாற்றுவோம் என்று நிபந்தனையில் அவர்களே எழுதியிருக்கிறார்கள். ஒரு மளிகைக் கடைக்காரர் சில்லறைக்குப் பதில் துண்டுச் சீட்டைக் கொடுத்து, "இது எவ்வளவு பெறும்னு நாளைக்கு எனக்குத் தோணுறப்போ சொல்றேன்" என்றால் அவர் சட்டையைப் பிடிப்போம். விமானக் கம்பெனி சொன்னால் அட்டையைப் பர்ஸில் செருகிக்கொள்கிறோம். தங்க நிற அட்டையென்றால் வெளியே தெரியும்படி செருகுகிறோம்.]

3

கதைக்கு மனிதர்கள் வேண்டும். மூன்று பேர் போதும்.

அத்தான் லிஃப்ட் சோதிப்பவர். புதுக் கட்டடத்தில் லிஃப்ட் ஓடுவதற்கு முன் அதன் கயிற்றையும் பிரேக்கையும் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். மாதத்தில் பாதி வெளியூர். ஒவ்வொரு பயணத்துக்கும் பாயிண்ட் சேரும். சரியாகச் சொன்னால், அவர் வீட்டில் இல்லாத நேரம் சேரும்.

அக்கா ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் எடுப்பவள். யாரைப் பார்த்தாலும் முகத்துக்கு முன் முழங்கையின் உள்பக்கத்தைப் பார்ப்பாள். விமானத்தில் ஏறியதில்லை. எப்போது கேட்டாலும் அத்தானிடம் ஒரே பதில்தான்: "இப்ப எடுத்தா வேஸ்ட்." அதனால் பாயிண்டுகளுக்கு அக்கா ஒரு பெயர் வைத்தாள். அத்தான் ஊரிலிருந்து வந்து கணினியைத் திறந்ததும் சமையலறையிலிருந்து குரல் வரும்.

"என் சக்களத்தி எப்படி இருக்கா? ஒரு சுத்து பெருத்திருப்பாளே?"

மகள் பெயர் வீட்டில் பொடிசு. கல்யாணமாகித் தூர தேசம் போன பிறகும் பொடிசுதான். அவளை அக்கா ஒற்றை ஆளாகவே வளர்த்தாள். ஒருமுறை காய்ச்சலில் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரி வராந்தாவில்...

வேண்டாம். இதை எழுதினால் உங்களுக்கு அழுகை வரும். எனக்கு வேண்டியது அழுகை இல்லை.

இதுவரை எழுதியதை அத்தானிடம் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"எழுத்தாளரே, என்னை வில்லனாக்கிட்டீங்க."

"வில்லன்னு எங்கேயும் எழுதலையே அத்தான்."

"எழுதாமயே ஆக்கியிருக்கே. அவளை ஏன் பின்னாடி சீட்டுல கூட்டிட்டுப் போகலைன்னு ஒரு வரி போடு. நாள் பூரா நின்னு வேலை பார்க்கிற கால். சாயங்காலம் பாரு, எப்படி வீங்கியிருக்குன்னு. முதல் தடவை ஏறுறப்போ காலை நீட்டிப் படுத்துட்டுப் போகட்டும்னுதான் சேர்த்தேன்."

அந்த வரியைப் போட்டுவிட்டேன். உண்மைதான். அக்கா தூங்கிய பிறகு அவர் அவள் காலுக்குக் கீழே தலையணை வைப்பதை நானே பார்த்திருக்கிறேன். இந்தப் பாத்திரத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. கெட்டவராக இருந்திருந்தால் இந்நேரம் கதை முடிந்திருக்கும்.

4

பொடிசு பிள்ளை உண்டானாள். வயிற்றில் குழந்தை குறுக்கே கிடந்தது. ஆபரேஷன் செய்துதான் எடுக்க வேண்டும் என்று சொல்லி, ஒரு வியாழக்கிழமையைக் குறித்தார்கள். பொடிசு தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"அம்மா, நீ வந்தப்புறம்தான் நான் தியேட்டருக்குள்ள போவேன். டாக்டர்கிட்ட கண்டிஷனா சொல்லிட்டேன்."

"டாக்டர் என்னடி சொன்னாங்க?"

"சிரிச்சாங்க."

"சிரிக்கட்டும். நான் வர்றேன்."

கதை இவ்வளவுதான். அம்மா அங்கே இருக்க வேண்டும். எங்கள் ஊரிலிருந்து அந்த ஊருக்கு நேராக ஒரு விமானம் தினமும் போகிறது. அதில் ஏறினால் தீர்ந்தது.

அத்தான் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து அதில் ஏன் ஏறக்கூடாது என்று விளக்கினார். உப்பு டப்பா எங்கள் ஊர். மேசையின் கிழக்கு ஓரத்தில் கைபேசி. அது பொடிசு. மேற்கு ஓரத்தில் ஒரு தண்ணீர் டம்ளர். அது பக்கத்து நாடு.

"நேரா போற பிளேன்ல முன்சீட்டுக்குக் கொள்ளை பாயிண்ட் கேட்கிறான். அதே சீட்டு, இந்த டம்ளர்லேர்ந்து ஏறினா பாதிதான். இங்கேர்ந்து டம்ளருக்குச் சின்னதா ஒரு டிக்கெட் தனியா எடுத்துக்கிறோம். அங்கே இறங்கி, பெட்டியை வாங்கிட்டு, மறுபடி ஏறுறோம். நீயும் நானும். படுத்துட்டே போறோம்."

அக்கா டம்ளரைப் பார்த்தாள். கைபேசியைப் பார்த்தாள்.

"கிழக்கே போக ஏன் மேற்கே போறோம்?"

"அதுதானே இதுல இருக்கிற அழகே!"

"எனக்கு அழகு வேணாங்க. புள்ளைகிட்ட போகணும்."

"முன்னாடி நாளே போயிடுவோம். நான் இருக்கேன்ல?"

அக்கா டம்ளரை எடுத்துத் தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்துபோனாள். அத்தான் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்.

[இந்த இடத்தில் நான் ஏன் ஒன்றும் பேசவில்லை என்று கேட்பீர்கள். பேசினேன். "படிச்சவங்க மாதிரி பேசாதே" என்றார். என்ன சொல்ல வந்தார் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.]

5

விமான நிலையக் காட்சியை மூன்று விதமாகத் தொடங்கிப் பார்த்தேன்.

கண்ணாடிக் கதவுகள் அக்காவுக்காக ஒரு புதிய உலகத்தைத் திறப்பதுபோல...

இல்லை. அது தானாகத் திறக்கும் கதவு. எல்லோருக்கும் திறக்கும்.

அன்று காலையிலிருந்தே அக்காவின் மனத்தில் ஏதோ ஒரு...

அதுவும் இல்லை. அன்று காலை அக்கா சந்தோஷமாக இருந்தாள். புதுச் செருப்பு போட்டிருந்தாள்.

நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன். வழியனுப்ப நானும் போயிருந்தேன். தங்க அட்டைக்குத் தனி வரிசை. தரையில் சிவப்புக் கம்பளம். கவுன்ட்டரில் இருந்த பெண் இரண்டு பாஸ்போர்ட்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"சார், நீங்க போகலாம். மேடம் போக முடியாது."

"என்னது?"

"டிக்கெட் ரெண்டும் தனித்தனி சார். நடுவுல இறங்கி, வெளியே போய், பெட்டி எடுத்துட்டு மறுபடி உள்ளே வரணும். அந்த நாட்டுக்குள்ள கால் வைக்க விசா வேணும். உங்களுக்கு இருக்கு. இவங்களுக்கு இல்லை."

அத்தான் பாஸ்போர்ட்டைப் பிடுங்காத குறையாக வாங்கிப் பார்த்தார். அவருடையதில் அந்த நாட்டின் வேலை விசா இருந்தது. அங்கே லிஃப்ட் சோதிக்க அத்தனை முறை போனவர். அந்த விமான நிலையத்தில் எந்தக் கழிப்பறை சுத்தமாக இருக்கும் என்பதுகூட அவருக்குத் தெரியும். அங்கே நுழைய விசா வேண்டும் என்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது. மனைவியின் பாஸ்போர்ட் மனைவியுடையது என்பதும்.

"நான் தங்க அட்டை" என்றார்.

"தெரியுது சார். அதனாலதான் மெதுவா சொல்றேன்."

அப்போது அத்தான் ஒருமுறை, அந்தப் பெண் அடித்து வைத்திருந்த தன் போர்டிங் அட்டையைப் பார்த்தார். ஒரு நொடிதான்.

(இந்த வரிக்காக வீட்டில் சண்டை.

"நான் பார்க்கலை" என்றார் அத்தான்.

"பார்த்தீங்க" என்றாள் அக்கா.

"மணி என்னன்னு பார்த்தேன்."

"அதுல எந்த மணி? முன்சீட்டு மணியா?"

வரி இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.)

6

ஓரமாக வந்து நின்றோம். அத்தான் கைபேசியில் தட்டத் தொடங்கினார்.

"பதறாதே. பாயிண்ட் திரும்ப ஏறிடும், கொஞ்சம் பிடிச்சுக்குவான். ராத்திரி உட்கார்ந்து வேற வழி பார்த்துடறேன். சொல்லப்போனா இதைவிட நல்ல ரூட்டே இருக்கலாம்."

அக்காவின் கைபேசி அடித்தது. மாப்பிள்ளை.

"அத்தை, வலி வந்துடுச்சு. ஆஸ்பத்திரிக்கு வந்துட்டோம். வியாழக்கிழமை வரைக்கும் தாங்காதுன்னு சொல்றாங்க. இவ அம்மா வரட்டும்னே சொல்லிட்டிருக்கா. எப்ப ஏறுறீங்க?"

"ஏறிட்டேன்னு சொல்லுங்க" என்றாள் அக்கா. வைத்துவிட்டாள்.

அவள் அழவில்லை. (முதல் பிரதியில் அழ வைத்திருந்தேன். "எப்ப அழுதேன்? நீதானே மூக்கைச் சிந்திட்டு நின்னே" என்று அந்த வரியை அடித்துவிட்டாள்.) பெட்டியின் கைப்பிடியை இழுத்து நீட்டினாள். கம்பளத்தைத் தாண்டி வெறுந்தரையில் டிக்கெட் விற்கும் ஜன்னலுக்குப் போனாள். நானும் அத்தானும் பின்னால் ஓடினோம்.

"அடுத்து நேரா போறதுல இடம் இருக்கா தம்பி?"

"ஒண்ணே ஒண்ணு இருக்கும்மா. கடைசி வரிசை, நடு சீட்டு. பின்னாடி சுவர், சாயாது. பக்கத்துல பாத்ரூம்."

"நேரா போகுமா?"

"நேரா போகும்."

"குடுங்க."

தன் கார்டை நீட்டினாள். அவள் சம்பளக் கணக்கின் கார்டு. அதை வெளியே எடுத்து நான் அதிகம் பார்த்ததில்லை.

"மெம்பர் நம்பர் இருந்தா சொல்லுங்கம்மா. பாயிண்ட் ஏறும்."

"இருக்கு, இருக்கு, ஒரு நிமிஷம்" என்று பின்னாலிருந்து ஒரு கை நீண்டது. "அவ பேர்லயும் ஒண்ணு திறந்து வச்சிருக்கேன்." அத்தான் பர்ஸைத் துழாவிக்கொண்டிருந்தார்.

இதை நான் கற்பனை செய்யவில்லை. எனக்கு அந்த அளவு கற்பனை கிடையாது.

"வேணாம்" என்றாள் அக்கா.

"சும்மா வர்றதுதானே! ஏன் விடணும்?"

அக்கா திரும்பினாள். வரிசையில் நின்றவர்களும் திரும்பினார்கள்.

"சும்மா வந்துதா? நீங்க ஊர் ஊராப் போனப்போ இந்த வீட்டுல யாரு இருந்தா? அதுல சேர்ந்ததுல பாதி என்னோடது. ஒரு நாளாவது என்னைக் கேட்டு வச்சீங்களா? கேட்டு எடுத்தீங்களா? நான் எப்ப எங்கே போகணும்னு உங்க சக்களத்தி சொல்லணும், நான் கேட்டுக்கணும்."

"எல்லாரும் பார்க்கிறாங்க."

"பார்க்கட்டும். பொண்ணு வயித்தைப் பிடிச்சுட்டுக் கிடக்கா. இவர் நம்பர் தேடுறார்."

டிக்கெட்டை வாங்கிக்கொண்டு போனாள். சோதனை வாசலில் செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். ஒற்றைக் காலில் நின்று கழற்றினாள். அத்தான் கையில் அட்டையோடு நின்றார்.

7

முடிவுகள்.

முதல் முடிவில் அக்கா நேரத்துக்குப் போய்ச் சேர்கிறாள். தியேட்டர் வாசலில் பொடிசின் கையைப் பிடிக்கிறாள். எழுதி முடித்தேன். நன்றாகவே வந்தது.

இரண்டாவதில் விமானம் இன்னும் கடலுக்கு மேலே இருக்கிறது. அங்கே குழந்தை அழுதுவிட்டது. இதுவும் நன்றாக வந்தது. கொஞ்சம் அதிகமாகவே.

இரண்டில் ஒன்றுதான் நடந்தது. எது என்று எனக்குத் தெரியும். எழுதவும் உட்கார்ந்தேன். திரும்பி வந்திருந்த அக்கா இரண்டையும் படித்தாள்.

"ரெண்டையும் எடுத்துடு."

"படிக்கிறவங்க அதைத்தானேக்கா கேட்பாங்க? போய்ச் சேர்ந்தாளா இல்லையான்னு?"

"கேட்பாங்கடி. நேரத்துக்குப் போனேன்னு எழுதினா, கடைசில எல்லாம் நல்லபடியாத்தானே முடிஞ்சுதும்பாங்க. உங்க அத்தானுக்கு அது போதும், தப்பிச்சுக்குவார். போகலைன்னு எழுதினா, அப்ப அந்த டிக்கெட்டு வேஸ்ட்டுதானேம்பாங்க. ரெண்டு பேரும் ஒரே கணக்குதான் போடுறாங்க. நான் ஏறினது ஏறினதுதான். என்ன கிடைச்சுதுன்னு பார்த்து அதுக்கு ஒருத்தரும் மார்க் போட வேணாம்."

உள்ளறையிலிருந்து அத்தானின் குரல் வந்தது. "அப்ப என் பக்கத்து நியாயம்?"

"அதுக்குத்தான் கட்டுரை இருக்கே. போட்டுக்கோங்க" என்றாள் அக்கா.

இரண்டு முடிவையும் எடுத்துவிட்டேன்.

உங்களுக்கு எரிச்சலாக இருக்கும். இவ்வளவு தூரம் கூட்டிவந்து இப்படி விட்டுவிட்டாளே என்று. எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஆனால் அக்கா சொன்னது சரி. எனவே இந்தக் கதையில் விமானம் தரையிறங்கவில்லை. கடைசி வரிசையில், சாயாத நடு இருக்கையில், இரண்டு பக்கமும் தூங்குகிறவர்களுக்கு நடுவே அக்கா விழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். கால் வீங்கத் தொடங்கிவிட்டது. அவளை இறக்கிவிட வேண்டியது நீங்கள்தான். எப்போது வேண்டுமானாலும் இறக்குங்கள்.

வந்தது பிரயோஜனப்பட்டதா என்று மட்டும் அவளிடம் கேட்டுவிடாதீர்கள்.