அளவெடுக்க வந்த அம்மாள்

அளவு நாடாவின் ஒரு முனையை அப்பாவின் உச்சந்தலையில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள் அத்தை. மறுமுனையை அவருடைய குதிகாலுக்கு நேராகப் பிடித்தபடி ஒரு அம்மாள் குனிந்து நின்றிருந்தார். தேநீர்த் தட்டோடு முன்னறைக்குள் வந்த மகள் அந்த அம்மாளை அடையாளம் கண்டதும் அப்படியே நின்றுவிட்டாள்.

சவப்பெட்டிக் கடையிலிருந்து வந்த ஆள் இல்லை அது. பல்கலைக்கழகத்தின் மாணவர் நலப் பிரிவு அதிகாரி. மனநலக் காரணம் காட்டி அவளைக் கட்டாய விடுப்பில் வீட்டுக்கு அனுப்பிய குழுவில் கையெழுத்துப் போட்டவர்களில் ஒருவர்.

"நல்லா இழுத்துப் புடிங்க, தொய்வு விடாதீங்க. அப்புறம் பெட்டி பத்தலன்னா காலையா மடக்க முடியும்?" என்றாள் அத்தை.

அதிகாரி இழுத்துப் பிடித்தார்.

தப்பு முழுக்க அத்தையுடையது என்று சொல்லிவிட முடியாது. அப்பா நல்ல உயரம். அவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்த பயிற்சிப் பள்ளியின் சின்னக் காரில் ஏறி உட்கார்ந்தால் முழங்கால் முகவாயைத் தொடும். தயாராக இருக்கிற பெட்டி எதுவும் இவருக்குச் சரிவராது, அளவெடுக்க ஆள் அனுப்புகிறோம் என்று கடைக்காரர்கள் காலையில் சொல்லியிருந்தார்கள். மதியம் வாசலில் மணி அடித்தது. அத்தை கதவைத் திறந்தால், அடர்நிற உடை, தோளில் கனத்த பை, கழுத்தில் அடையாள அட்டை, முகத்தில் முன்கூட்டியே தயார் செய்துகொண்டு வந்த அனுதாபம். இப்படி ஒரு முகத்தோடு வருகிறவர் வேறு எந்தக் கடையிலிருந்து வரமுடியும்? ஏன் இவ்வளவு தாமதம் என்று கேட்டுக்கொண்டே அத்தை அவரைக் கையைப் பிடித்து உள்ளே இழுத்து வந்தாள். நாடாகூட இல்லாமல் அளவெடுக்கக் கிளம்பி வந்ததற்கு ஒரு திட்டும் விழுந்தது.

அதிகாரி வாயைத் திறந்து மறுத்திருக்கலாம். ஆனால் மனம் கலங்கியிருப்பவர்களிடம் மறுத்துப் பேசக்கூடாது, அவர்கள் போக்கிலேயே போய்ப் பேச்சுக் கொடுக்க வேண்டும் என்று அவருக்குப் பயிற்சியில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அந்தப் பயிற்சியை நடத்தியவர்கள் இந்த அத்தையைப் பார்த்ததில்லை.

அவர் எதற்காக வந்திருக்கிறார் என்பது மகளுக்கு உடனே விளங்கிவிட்டது. அவளைத் திரும்பச் சேர்த்துக்கொள்வதா வேண்டாமா என்று முடிவு செய்ய இன்று காலை பல்கலைக்கழகத்தில் குழு கூடியிருந்தது. அவளும் அப்பாவும் போயிருக்க வேண்டும். அப்பா நேற்று மாலையே போய்விட்டார். கைபேசியை எங்கே போட்டோம் என்றே அவளுக்கு நினைவில்லை. விடுப்பில் இருக்கும் மாணவர் சொல்லாமல் கொள்ளாமல் கூட்டத்துக்கு வராமல் போனால், வீட்டுக்கே போய் ஆள் உயிரோடுதான் இருக்கிறாரா என்று பார்த்துவிட்டு வரவேண்டும் என்பது விதி. அந்த விதிப்படி பார்க்க வந்தவர் வேறொருவருடைய குதிகாலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்போது என்ன முகம் வைத்துக்கொள்வது என்பதுதான் மகளுடைய கவலை. ஓவென்று அழுதால் இன்னும் நிலைகொள்ளவில்லை என்பார்கள். அழாமல் இருந்தால் கல்லாகிவிட்டாள் என்பார்கள். சிரித்துவிட்டால் கேட்கவே வேண்டாம், அது முன்பே ஒரு தடவை நடந்து கெட்ட பெயர் வாங்கிக் கொடுத்திருக்கிறது. மூன்றுக்கும் நடுவில் ஒரு முகத்தைத் தேடிக்கொண்டு அவள் தட்டோடு நின்றாள்.

போன பரீட்சை நேரத்தில் அவளுக்குத் தூக்கம் அடியோடு கெட்டுப்போயிருந்தது. ஏன் ஒரு மாதிரி இருக்கிறாய் என்று விடுதிக் காப்பாளர் அன்பாகத்தான் கேட்டார். காலையில் எழுந்திருக்கவே வேண்டாம் என்று தோன்றுகிறது என்று அவளும் உள்ளதை உள்ளபடி சொன்னாள். சொன்னது அவ்வளவுதான். மறுநாளே குழு கூடியது. அத்தனை பேர் வட்டமாக உட்கார்ந்து ஒரே நேரத்தில் தலையைச் சாய்த்து அவளைப் பார்த்ததில் பதற்றப்பட்டுச் சிரித்துவிட்டாள். சிரித்ததையும் குறித்துக்கொண்டார்கள். அவளுடைய நலனை உத்தேசித்து என்று ஆரம்பித்த விஷயம், சாயங்காலத்துக்குள் அவளுடைய பெட்டி படுக்கையெல்லாம் விடுதித் தாழ்வாரத்தில் கிடப்பதில் முடிந்தது. தோழிகளிடம் சொல்லிக்கொள்ளக்கூட விடவில்லை, அவர்கள் மனம் பாதிக்கப்படுமாம். அக்கறையோடு ஒருத்தரைக் கழுத்தைப் பிடித்துத் தள்ள முடியும் என்பதை அன்றைக்குத்தான் அவள் தெரிந்துகொண்டாள்.

அதற்கப்புறம் யார் கேட்டாலும் 'நல்லா இருக்கேன்' என்பதோடு நிறுத்திக்கொண்டாள். மருத்துவர் கேட்டாலும் அதுதான், அப்பா கேட்டாலும் அதுதான்.

அவளைத் தனியாக விடக்கூடாது என்று பல்கலைக்கழகத்தில் அப்பாவிடம் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அம்மா அவள் பள்ளியில் படிக்கும்போதே இறந்துவிட்டாள். அத்தைக்கு அப்போது தன் வீடு, தன் முழங்கால் வலி. எனவே அப்பா மகளைப் பயிற்சிக் காரின் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டார். உயிருக்கு ஆபத்து வரலாம் என்று எச்சரிக்கப்பட்ட பெண்ணைக் கொண்டுபோய் ஊரிலேயே ஆபத்தான இடத்தில் உட்காரவைத்தார். காலையிலிருந்து மாலை வரை யாராவது ஒருவர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அவளைக் கொல்லப் பார்த்தார்கள். ஒரு அழகுநிலையக்காரி கண்ணை மூடிக்கொண்டு லாரியை முந்தினாள். ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் சிவப்பு விளக்கோடு வாதம் செய்தார். முதலில் சும்மா இருந்த மகள் பிறகு 'பிரேக்கு, பிரேக்கு' என்று அப்பாவுக்கு முந்திக்கொண்டு கத்த ஆரம்பித்தாள். சாவதில் தனக்கு அப்படியொன்றும் ஆசை இல்லை என்பது அவளுக்குத் தெரிந்தது அந்தப் பின்சீட்டில்தான். அப்பாவும் கண்ணாடியில் அதைப் பார்த்திருப்பார். ஒருநாளும் அதைப் பற்றிப் பேசியதில்லை.

பேசாமல் இருப்பதே அவர் சொல்லிக்கொடுக்கிற முறை. ஓட்டுகிறவர் தப்புச் செய்தால் வாயை மூடிக்கொண்டுவிடுவார். என்ன தப்பு என்று அவர்களாகவே கண்டுபிடிக்க வேண்டும். நேற்று ஓட்டியவர் ஒரு பல் டாக்டர். ரவுண்டானாவுக்குள் நுழையும்போது அப்பா 'கிளச்சு' என்றார். அப்புறம் பேச்சில்லை. தான் ஏதோ பெரும்பிழை செய்துவிட்டதாக நினைத்த டாக்டர், எந்தப் பக்கம் வெளியேறுவது என்று தெரியாமல், சுற்றிச் சுற்றி வந்தார். பின்சீட்டில் மகளும் அப்படித்தான் நினைத்தாள். அப்பாவின் தலை சன்னல் கண்ணாடியில் லேசாக இடிக்கும்வரை அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். அவர் உயிர் போனபின்னும் காரில் இருந்த இரண்டு பேரும் அவர் கோபம் தணியட்டும் என்று காத்திருந்திருக்கிறார்கள். அதை நினைத்தால் நெஞ்சு வெடித்துவிடும் போல இருந்தது. கூடவே சிரிப்பும் வந்து தொலைத்தது.

வாசல் மணி மறுபடி அடித்தது. இந்தத் தடவை ஒல்லியாக ஒரு ஆள், காதில் பென்சிலோடு, தன் சொந்த நாடாவோடு உள்ளே வந்தார். சவப்பெட்டிக் கடையிலிருந்து வருவதாகச் சொன்னார். ஏற்கனவே எடுத்த அளவைக் கேட்டு, தானும் ஒரு தடவை எடுத்துப் பார்த்து, கச்சிதமாக எடுத்திருக்கிறீர்களே என்று அதிகாரியைப் பாராட்டினார்.

அத்தை நிமிர்ந்தாள். "அப்போ நீங்க யாரு?"

அதிகாரி நாடாவை மெல்லச் சுருட்டி மேசையில் வைத்துவிட்டுத் தன்னைப் பற்றிச் சொன்னார். அத்தை முகத்தில் ஈ ஆடவில்லை. அதெல்லாம் ஒரு கணம்தான். அடுத்த கணம் நாற்காலியைத் தூசி தட்டிப் போட்டு, மகள் கையிலிருந்த தட்டைப் பிடுங்கி, ஆறிப்போன தேநீரை அதிகாரி கையில் திணித்து, பாப்பாவுக்கு ஒரு குறையும் கிடையாது என்று ஆரம்பித்துவிட்டாள். பாப்பா நேற்றிலிருந்து சொட்டுக் கண்ணீர் விடவில்லை, அவ்வளவு திடம் என்றாள். அதிகாரியின் புருவம் சுருங்குவதைப் பார்த்து, ராத்திரி மட்டும் கதறிவிட்டாள், அவ்வளவு பாசம் என்று மாற்றினாள். இரண்டுமே பொய்.

அதிகாரி பொறுமையாக விதியை விளக்கினார். மகளைத் திரும்பச் சேர்க்க வேண்டுமானால், அவளைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நிதானமான பெரியவர் ஒருவர் இருக்கிறார் என்று குழு நம்பவேண்டும். இதுவரை அது அப்பாவாக இருந்தது. ஆள் இல்லையென்றால் இன்னொரு வருஷம் விடுப்பு நீளும். அதற்குமேல் விடுப்புக் கொடுக்க இடமில்லை, படிப்பு அத்தோடு சரி.

"நான் இருக்கேனே," என்றாள் அத்தை. "கேளுங்க. என்ன வேணா கேளுங்க."

அதிகாரிக்கும் வேறு வழி தெரியவில்லை. வழக்கமாகக் கேட்கிற கேள்விகளையே தணிந்த குரலில் கேட்டார்.

"நீங்க ஒழுங்கா தூங்குறீங்களா?"

"தூக்கமா? எங்கேருந்து வரும்?"

"சாப்பாடு?"

"எதுக்குச் சாப்பிடணும், சொல்லுங்க."

"எதுலயும் ஒரு பிடிப்பு இல்லாத மாதிரி எப்பவாவது…"

"என்ன பிடிப்பு வேண்டிக்கிடக்கு? எனக்குன்னு இருந்தது இவன் ஒருத்தன்தான்." அத்தை தம்பியைப் பார்த்தாள். "இவன்கூடவே நானும் அந்தப் பெட்டிக்குள்ள படுத்துக்கிட்டா நிம்மதி."

தோள் அகலம் எடுத்துக்கொண்டிருந்த கடைக்காரர் தலையைத் தூக்கினார். "ரெண்டு பேருக்குன்னா இந்த அகலம் பத்தாதும்மா. முன்னாடியே சொல்லிடுங்க."

மகள் சிரித்துவிட்டாள். அடக்கப் பார்த்தும் முடியவில்லை. சுவரில் சாய்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, அப்பாவின் தலைமாட்டில் நின்றபடி சிரித்தாள். அத்தை அவள் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள். கடைக்காரர் தான் என்ன தப்பாகச் சொன்னோம் என்று புரியாமல் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார். அதிகாரி கையில் தேநீரோடு அசையாமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எல்லாம் முடிந்தது என்று மகளுக்குத் தெரிந்துவிட்டது. முடிந்தபின் எதற்குப் பயப்படுவது?

"அத்தையை எங்க மேடம் அனுப்பப் போறீங்க?" என்று கேட்டாள். "அன்னிக்கு நான் சொன்னது இதுல பாதிகூட இல்ல."

அதிகாரி அத்தை பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"நான் நல்லா இல்ல மேடம். அன்னிக்கும் நல்லா இல்ல, அதனாலதான் கேட்டவங்ககிட்ட சொன்னேன். இன்னிக்கும் நல்லா இல்ல. எங்கப்பா போயிட்டாரு. இன்னிக்கு நான் நல்லா இருந்தாத்தான் நீங்க பயப்படணும்." மூச்சு வாங்கியது. "ஆனா எனக்குப் படிக்கணும். ரெண்டும் நிஜம்தான்."

அத்தை கண்ணை மூடிக்கொண்டாள். அதிகாரி தம்ளரை மேசைமேல் வைத்தார். வைத்த இடம் சரியில்லை என்பதுபோல் ஒருதரம் நகர்த்திவைத்தார்.

"அன்னிக்கு நீங்க சொன்னதும் நாங்க பயந்துட்டோம்," என்றார்.

"எனக்காகவா?"

அதிகாரி இல்லை என்று தலையசைத்தார். "எங்களுக்காக," என்றார்.

அந்த ஒரு வார்த்தையை அவள் எதிர்பார்க்கவில்லை. அதுவரை எங்கே இருந்தது என்று தெரியாமல் அழுகை வந்தது. அழகான அழுகை இல்லை. மூக்கு ஒழுக, விக்கல் எடுக்க, அப்பா அப்பா என்று கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து அழுதாள். அத்தை பக்கத்தில் உட்கார்ந்து அவளுக்கு மேலே குரலெடுத்து அழுதாள். கடைக்காரர் அளவுகளைக் குறித்துக்கொண்டு, சாயங்காலத்துக்குள் பெட்டி வந்துவிடும் என்று அதிகாரியிடம் சைகையால் சொல்லிவிட்டுச் செருப்பைத் தேடிப் போனார்.

அதிகாரியின் கைபேசி அதிர்ந்தது. குழுத் தலைவர். அவர் வாசற்படிக்குப் போய்ப் பேசினாலும் உள்ளே கேட்டது. பார்த்தேன் என்றார், தனியாக இல்லை என்றார். எதிர்முனையில் நீளமாக ஏதோ கேட்டார்கள்.

"ஆமா சார், அழறாங்க. முன்னாடி சிரிச்சாங்க. இல்ல சார், இதுல எழுதறதுக்கு ஒண்ணுமில்ல. அப்பா இறந்துட்டாரு, வேற எப்படி இருப்பாங்க?" கொஞ்சம் இடைவெளி. "அடுத்த கூட்டத்துல அவங்க பேரைப் போடுங்க. நானே பேசறேன். கூட அத்தை வருவாங்க." மறுபடி இடைவெளி. "இல்ல சார். அவங்ககிட்ட நாம எதுவும் கேக்காம இருக்கறது நல்லது."

பேசி முடித்துவிட்டு அப்படியே தெருவில் இறங்கிப் போய்விடுவார் என்றுதான் மகள் நினைத்தாள். அவர் உள்ளே வந்தார். யாரையும் பார்க்காமல், மேசைமேலும் சன்னல் திட்டிலும் நேற்றிலிருந்து சேர்ந்திருந்த தம்ளர்களைத் தட்டில் அடுக்கி எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போனார். தோள்பையைக்கூடக் கழற்றவில்லை. குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு அவருடைய குரல் வந்தது.

"பாத்திரம் தேய்க்கிற நார் எங்க வெச்சிருக்கீங்க?"

அத்தை அழுகையை நிறுத்தினாள். "தொட்டிக்குக் கீழ, இடது பக்கம்," என்று சொன்னாள். மூக்கைத் துடைத்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து மறுபடியும் ஆரம்பித்தாள்.