ஆறு வெள்ளிப் பொட்டுகள்

சோதனைச்சாவடியில் பஸ்ஸை விட்டு இறங்கச் சொன்னபோது மரிய கொறற்றிக்கு முதலில் நினைவு வந்தது அடையாள அட்டை அல்ல, பையிலிருந்த ஆறு பிளாஸ்டிக் துண்டுகள்தான். யுத்தம் நடக்கும் 2008ஆம் ஆண்டில் ஒரு தமிழ்ப் பெண்ணுக்கு வரவேண்டிய நினைவா இது? படித்த பிள்ளைகளின் புத்தி அப்படித்தான் வேலை செய்யும்.

அவளுடைய ஆராய்ச்சியே அந்தத் துண்டுகள்தான். சுருட்டி வைக்கக்கூடிய மின்திரைகளுக்கு ஈரம்தான் எமன். அதைத் தடுக்க, கண்ணுக்குத் தெரியாத களிமண் தகடுகளைக் கலந்து மெல்லிய படலம் செய்திருந்தாள். படலத்துக்குள்ளே கல்சியத்தில் ஒரு பொட்டு, வெள்ளியாய் மின்னும். ஈரம் பட்டால் நிறமற்றுப்போய்க் கண்ணுக்கு மறைந்துவிடும். ரிவர்ஸ்டன் மலையின் ஈரப் பனியில் ஐந்து மாதம் தொங்கவிட்டும் ஆறில் ஒன்றுகூட மறையவில்லை. பேராசிரியர் கருவியில் வைத்து அளந்துவிட்டால் பட்டம் கைக்கு வந்த மாதிரி.

சிப்பாய் ஒரு துண்டை வளைத்துப் பார்த்தான். ஓரத்தில், கருவியில் மாட்டுவதற்கான கம்பி நீட்டிக்கொண்டிருந்தது. "உள்ளுக்கு என்ன நங்கி?" தங்கச்சி என்றுதான் கூப்பிட்டான்.

"தண்ணி போகுதான்னு பார்க்கிற சாமான் சேர்," என்றாள் சிங்களத்தில்.

"போச்சா?"

"போகல."

"போகாட்டி எதுக்குப் பார்க்கிற?"

அவளுக்கே ஒரு கணம் குழம்பிவிட்டது. கண்ணால் கண்டால் நம்புவான் என்று, "ஒண்ண வெட்டி ஊதிப் பாருங்க சேர்," என்று சொல்லிவிட்டாள். மிச்சம் ஐந்து இருக்கிறதே என்ற தைரியம்.

வெட்டினான். ஊதினான். பொட்டு ஓரத்திலிருந்து தேய்ந்து தேய்ந்து காணாமல் போனது. சிப்பாயின் முகம் மாறியது.

"இருந்த சாமான் எங்க?"

"அங்கதான் இருக்கு சேர். கண்ணுக்குத் தெரியல, அவ்வளவுதான்."

சொன்ன பிறகுதான், இதைவிட மோசமான பதில் இருக்க முடியாது என்று அவளுக்கு உறைத்தது. அவன் அடுத்ததை எடுத்தான். "வேணாம் சேர், வேணாம்!" என்று கெஞ்சக் கெஞ்ச அவனுக்குச் சந்தேகம் கூடியதே தவிரக் குறையவில்லை. ஆறையும் வெட்டி, ஆறிலும் ஊதி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். எல்லாம் வெறும் பிளாஸ்டிக். அவன் முகம் தெளிந்தது.

துண்டுகளை அவனே அடுக்கி உறையில் போட்டு நீட்டினான். பாவம், கெட்டவன் இல்லை.

"இப்ப ஒண்ணுமில்ல நங்கி. இனி எந்தச் செக்பொயின்ட்லயும் உன்ன நிப்பாட்ட மாட்டாங்க. பயப்படாம போ."

"பொஹொம ஸ்தூதி சேர்," என்றாள். மனதார நன்றி சொன்னாளா, அழுகைதான் அப்படி வாயில் வந்ததா என்று பஸ் கிளம்பிய பிறகும் அவளுக்கு விளங்கவில்லை.