கை நனைத்த வீடு

அழகிரி ஒரு சொல் சொன்னால் சொன்னதுதான். தாசில்தாராக இருந்து ஓய்வு பெற்றுப் பதினாறு வருஷம் ஆகியும் ஸ்ரீரங்கம் மேலூர் ரோட்டில் அவர் வீட்டுக்கு 'தாசில்தார் வீடு' என்றுதான் பெயர். இளைய மகன் அன்புச்செல்வன், லூர்துராணியைக் கட்டிக்கொண்டு காட்டூருக்குக் குடிபோன அன்று, "இனி அவன் வீட்டில் நான் கை நனைக்க மாட்டேன்" என்றார். நான்கு வருஷம் நனைக்கவில்லை. பேத்தி இளவேனில் பிறந்தபோது அவர் மனைவி வள்ளிக்கண்ணு ஒளிந்து போய் ஒரு வாய் சாப்பிட்டு வந்தாள். அது தெரிந்து ஒரு மாதம் அவளோடும் பேசாமல் இருந்தார்.

அப்பேர்ப்பட்ட மனிதர் பங்குனி மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில் பஸ் ஏறிக் காட்டூருக்குப் போனார் என்றால் காரணம் மூத்தவன்.

ஜெயக்குமார் கல்லூரிப் பேராசிரியர். குடும்பத்தின் பெயரை அடுத்த தலைமுறைக்குத் தூக்கிச் செல்லப் பிறந்தவன் என்று அழகிரி நம்பியிருந்த பிள்ளை. இரண்டு நாளுக்கு முன், விருந்து ஒன்றில் குடித்துவிட்டு விடியற்காலையில் அப்பாவின் காரை ஓட்டி வந்தவன், சமயபுரத்துக்குப் பாதயாத்திரை போய்க்கொண்டிருந்த ஒரு மஞ்சள் வேட்டிக்காரர் மேல் இடித்துவிட்டான். இடித்ததோடு நிற்கவில்லை. அவரை இழுத்துப்போய் வாய்க்காலில் தள்ளிவிட்டு வீடு வந்து சேர்ந்தான்.

"தள்றப்ப உசிரு இருந்துச்சாடா?" என்று கேட்டார் அழகிரி.

மகன் தரையைப் பார்த்தான். "முனகினாருப்பா."

அதற்கு மேல் அவர் எதுவும் கேட்கவில்லை. போலீஸ் உடைந்த முகப்பு விளக்கின் சில்லை எடுத்துக்கொண்டு காரைத் தேடுகிறது. கார் அவர் பெயரில். ஓட்டியவன் யார் என்பதுதான் இனிக் கேள்வி. அன்புச்செல்வன் கார் மெக்கானிக். பழுது பார்க்க எடுத்துப் போனேன் என்று அவன் சொன்னால் ஊர் நம்பும். ஆனால் உத்தரவு போட்டால் கேட்கிற பிள்ளை இல்லை அவன்.

வழியைக் காட்டியது ஒரு டிவி தொடர். மனசுக்குள் நுழைந்து பயமுறுத்துகிற கொலைக் கதை. வள்ளிக்கண்ணு ஒரு நாள் விடாமல் பார்ப்பாள். அதில் ஒரு தாய், கொலை செய்த மூத்த மகனைக் காப்பாற்ற, தான் ஒதுக்கி வைத்த இளையவன் வீட்டுக்குப் போவாள். எதுவும் கேட்க மாட்டாள். உட்கார்ந்து சாப்பிடுவாள். அவனே முன்வந்து பழியை ஏற்பான். "இப்படியும் ஒரு தாய் இருப்பாளா, குடும்பம் கெட்டவர்கள் எழுதுகிற கதை" என்று காறித் துப்பாத குறையாக எழுந்து போனவர்தான் அழகிரி.

காட்டூரில் கதவைத் திறந்த அன்புச்செல்வன் நகரவில்லை.

"என்னப்பா, பஸ் மாறி ஏறிட்டீங்களா?"

"ஒண்ணும் கேக்க வரலைடா. உங்களைப் பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்." உள்ளே பார்த்தார். "ஏம்மா, சோறு இருக்கா? கை கழுவத் தண்ணி ஊத்து."

லூர்துராணி செம்பிலிருந்து ஊற்றிய தண்ணீர் பாதி தரையில் சிந்தியது. ரசமும் வாழைக்காய் வறுவலும்தான் இருந்தன. "தெரிஞ்சிருந்தா நல்லதா ஏதாச்சும் பண்ணியிருப்பேனே மாமா" என்றாள். அழகிரி இரண்டாம் முறையும் சோறு கேட்டு வாங்கினார். கண்ணில் நீர் வந்தது. அது நிஜமா, வரவழைத்ததா என்று அவருக்கே விளங்கவில்லை.

"அண்ணனுக்கு என்னப்பா ஆச்சு?" என்றான் அன்புச்செல்வன்.

சொன்னார். இடித்ததும் ஆள் செத்துவிட்டான், பயத்தில் அண்ணன் வாய்க்காலில் தள்ளிவிட்டான் என்றார். முனகலைச் சொல்லவில்லை.

அப்பாவின் தட்டில் இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றிய மகன், "கார் என்கிட்ட இருந்துச்சுன்னு சொல்லிடறேன்" என்றான்.

"நீ எதுக்குடா?" என்றார் அழகிரி. அதுவும் அந்தத் தொடரில் வருவதுதான்.

அன்புச்செல்வன் போலீஸில் சரணடைந்தான். விபத்து வழக்குதான், ஆறே மாதத்தில் வெளியே வந்துவிடலாம் என்று நினைத்தார்கள். பிரேதப் பரிசோதனையில் நுரையீரலில் தண்ணீர் இருந்தது. உயிரோடு தள்ளியிருக்கிறான் என்று கொலை வழக்கானது. ஜாமீன் இல்லை.

ஒரு மாதம் கழித்து மனுப் போட்டுச் சிறையில் பார்த்தார். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் அன்புச்செல்வன் இளைத்திருந்தான்.

"லூர்து போன்ல அந்தத் தொடரை நானும் பாத்திருக்கேன்ப்பா. அந்தம்மா ரெண்டாவது தடவை சோறு கேப்பாங்க. நீங்களும் கேட்டீங்க."

அழகிரி கம்பி வலையை நெருங்கினார். "அப்பவே தெரியுமாடா?"

"தெரியாம என்ன? நாலு வருஷம்ப்பா. நடிச்சாவது எங்க வீட்டுல சாப்பிட்டீங்களேன்னு இருந்துச்சு." கம்பியில் நெற்றியைச் சாய்த்தான். "ஒண்ணு மட்டும் சொல்லுங்க. தள்றப்ப அந்தாளுக்கு உசிரு இருந்துச்சு. உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

பிறந்த நாளிலிருந்து அவனை 'டா' போட்டே பேசியவர், "தெரியாதுப்பா" என்றார்.

அந்த ஒரு 'ப்பா'வைக் கேட்டு மகன் சிரித்தான். பிறகு திரும்பிப் போனான்.

வெளியே வேப்பமரத்தடியில் லூர்துராணி குழந்தையோடு நின்றிருந்தாள். கையில் டிபன் டப்பா.

"வீட்டுச் சாப்பாட்டை உள்ள விட மாட்டேங்குறாங்க மாமா." குரலைத் தாழ்த்தினாள். "அன்னிக்கு விடியக்காலம் அவரு வீட்டுலதான் இருந்தாரு. பாப்பாவுக்குக் காய்ச்சல். எதிர்வீட்டு சாரா பீவி அக்காதான் வந்து மருந்து குடுத்தாங்க. அவங்களும் சாட்சி சொல்வாங்க. எங்கம்மா வீட்டுல, போய்ச் சொல்லுடிங்கறாங்க. அவரு வேணாம்கறாரு. நீங்க சொல்லுங்க மாமா. இப்ப எங்களுக்குப் பெரியவங்க நீங்கதானே?"

'சொல்லும்மா' என்ற ஒரே ஒரு சொல். அது போதும், இளையவன் வீட்டுக்கு வந்துவிடுவான். மூத்தவன் உள்ளே போவான். தாசில்தார் வீட்டுப் பிள்ளை முனகிய மனிதனைத் தண்ணீரில் தள்ளினான் என்று மேலூர் ரோடு முழுக்கப் பேசும். அந்தச் சொல் தொண்டை வரை வந்தது. எழுபத்து நான்கு வருஷத்து விறைப்பு அதை அங்கேயே நிறுத்தியது.

குழந்தை அவர் வேட்டியைப் பிடித்து இழுத்தது.

தான் கை நனைத்தால் இவளும் சாட்சி சொல்லப் போக மாட்டாள் என்று இந்த முறை அவருக்குத் துல்லியமாகத் தெரிந்தது. மரத்தடிக் கல்லில் உட்கார்ந்தார்.

"பசிக்குதும்மா" என்று கையை நீட்டினார். "தண்ணி ஊத்து."

லூர்துராணியின் முகம் மலர்ந்தது. பாட்டிலைத் திறந்து, ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல் அவர் கையில் ஊற்றினாள்.