காற்றுக்குக் குறுக்கே

ஏற்காட்டுக்குப் போய் மலை ஓட்டப் பந்தயத்தில் ஓடுவது மகிழினியின் யோசனை. அவள் புருஷன் பீம்ராவுக்கு அது சுத்தப் பைத்தியக்காரத்தனமாகப் பட்டது.

"எண்ணூர் ரோட்ல லாரிங்களுக்கு நடுவுல ஓடறது பத்தலியா மே? மல மேல ஏறி வேற சாவணுமா?"

"அங்க லாரி கெடயாதுய்யா. ஏரி கீது. பாத்துகினே ஓடலாம்."

"ஏரிய பஸ்ல போயி பாத்தா இன்னா கொறஞ்சிடும்?"

அவள் தண்டையார்பேட்டையில் ஒரு பள்ளியில் விளையாட்டு டீச்சர். அவன் துறைமுகத்தில் வேலை பார்க்கிறவன். கப்பலில் அடுக்கிய கன்டெய்னர்கள் மேல் ஏறி, அவற்றைக் கம்பி போட்டு இறுக்கிக் கட்டும் வேலை. பூனை மாதிரி ஏறுவான் என்று கூட்டாளிகள் சொல்வார்கள். போன வருஷம் அவர்கள் குடியிருப்புக்குப் பக்கத்து ஆலையில் அமோனியா குழாய் கசிந்தது. தெருவே கண்ணெரிந்து ஓடியபோது பீம்ராவ் ஷிஃப்ட் முடித்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தான். அவன் நெஞ்சுக்குள் போனது கொஞ்ச நஞ்சமல்ல.

ஆஸ்பத்திரியில் குணமாக்கி அனுப்பினார்கள். நுரையீரல் சுத்தமாக இருக்கிறது, பழைய வேலைக்குப் போகலாம் என்று மூன்று டாக்டர்கள் சொல்லியாயிற்று. அவன் நம்பவில்லை. கேட்டு வாங்கிக்கொண்டு தரை வேலைக்கு வந்துவிட்டான். டிரெய்லர்காரர்களுக்கு டோக்கன் கொடுக்கிறான். வீட்டுப் படி ஏறும்போது ஒவ்வொரு மாடியிலும் நின்று நெஞ்சில் கை வைத்துப் பார்த்துக்கொள்வான். படுத்தால் தன் மூச்சையே கேட்டுக்கொண்டு கிடப்பான். அவன் கேட்பதைக் கேட்டுக்கொண்டு பக்கத்தில் அவள் கிடப்பாள். அவள் தொட்டால்கூட, "இரு மே" என்பான். ஒரு வருஷமாக அந்த வீட்டில் மூச்சைத் தவிர வேறு பேச்சு இல்லை.

அவளுக்கு மெடல் வேண்டாம். டாக்டர் சொல்லி நம்பாதவன், தன் உடம்பு சொன்னாலாவது நம்புவானா என்று பார்க்க வேண்டும். அதனால்தான் ஜோடிப் பிரிவில் பெயர் கொடுத்தாள். ஒருவர் நின்றால் இருவரும் அவுட். அவளை ஏமாற்ற மனம் வராமல் அவனும் ரயிலேறினான்.

காலையில் ஓட்டம் தொடங்கியது. முதல் மேட்டிலேயே பாதிப் பேர் நடந்தார்கள். காப்பித் தோட்டத்துக்கு நடுவே ஒற்றையடிப் பாதை, வேரும் கல்லுமாகச் செங்குத்தாக ஏறியது. போகவேண்டிய வழிக்கு மரங்களில் சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தார்கள். பீம்ராவ் நாலு எட்டு ஓடுவான், நிற்பான், நெஞ்சில் கை வைப்பான்.

"இழுக்குது மே."

"எல்லாருக்குந்தான் இழுக்குது. அந்தப் பெருசப் பாரு, எப்டி ஓடுது."

"அதுக்கு வூட்ல வேல இல்ல."

ஒரு திருப்பத்தில் மரங்கள் விலகி, கீழே ஏரி தெரிந்தது. யாரோ கழுவிக் கவிழ்த்த தட்டு மாதிரி கிடந்தது. ஓரத்தில் படகுகள். மகிழினி நின்றுவிட்டாள். அவன் ஏரியைப் பார்க்கவில்லை. "திரும்பிடலாமா?" என்று கேட்டான். சண்டை போடவும் அவளுக்குத் தெம்பு இல்லை.

அப்போதுதான் ஏரியின் மேலிருந்து வெள்ளையாக ஒன்று எழுந்து, சரிவின் குறுக்கே பாதையோடு எதிரே வந்தது. கூடவே நாற்றம். மூக்கை அறுக்கிற, கண்ணில் நீர் வரவைக்கிற அதே நாற்றம். ஒரு கணம் அவளும் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

பீம்ராவ் கத்தினான். "கேஸு! கேஸு மே!"

அவர்கள் பக்கத்துச் சின்னப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரிந்த விஷயம் இது. கேஸ் வந்தால் ஈரத் துணியை மூக்கில் கட்டு. காற்றை எதிர்த்து ஓடாதே, காற்றோடும் ஓடாதே. குறுக்கே ஓடு. அவன் பாட்டில் தண்ணீரைத் தன் கைக்குட்டையில் கவிழ்த்து அவள் முகத்தில் இறுக்கிக் கட்டினான். தனக்கு ஒன்றும் கட்டிக்கொள்ளவில்லை. முன்னால் போன இரண்டு பேரைப் பார்த்து, "போவாத நைனா! உள்ள போவாத!" என்று அலறினான். அவர்கள் சிரித்துக்கொண்டே வெள்ளைக்குள் ஓடி மறைந்தார்கள். "சாவுங்கடா" என்றான். அவள் மணிக்கட்டைப் பிடித்தான்.

காற்றுக்குக் குறுக்கே என்றால் ரிப்பனை விட்டு நேரே மேலே. காப்பிச் செடிகளுக்குள் புகுந்து இழுத்துக்கொண்டு ஏறினான். கிளை முகத்தில் அடித்தது. அவள் முழங்கால் பாறையில் உரசியது. பாதி தூரம் ஏறியதும் மகிழினி அதைப் பார்த்தாள். செடிகளின் தூரில் குவியல் குவியலாகக் கொட்டியிருந்தது கோழி எரு. வெள்ளையாக வந்தது வெறும் மூடுபனி. துணியை இறக்கி, "யோவ், இது பனிய்யா" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். இறங்கிப் போய் ஓட்டத்தையும் முடித்துவிடலாம்.

அவள் சொல்லவில்லை. அவன் முதுகைப் பார்த்தாள். கன்டெய்னர் ஏறுகிறவன் மாதிரி, பிடிக்கக் கை எங்கே, வைக்கக் கால் எங்கே என்று மட்டும் பார்த்து ஏறிக்கொண்டிருந்தான். நிற்கவில்லை. நெஞ்சைத் தொடவில்லை. ஒரு கையால் அவளை வேறு இழுத்துக்கொண்டிருந்தான். அவள் வாயை மூடிக்கொண்டு இழுபட்டாள்.

உச்சிப் பாறையில் கொண்டுபோய் அவளை உட்காரவைத்தான். துணியை அவிழ்த்தான்.

"மூச்சு வர்தா? சொல்லு மே. வர்தா?"

"எனக்குத்தான் வாங்குது. உனுக்கு?"

அவன் தன் நெஞ்சில் கை வைத்தான். விலா ஏறி இறங்கியது, ஓடிய எவனுக்கும் ஏறி இறங்குவது போல. விசில் இல்லை, இழுப்பு இல்லை. காது கொடுத்துக் கேட்டான். மறுபடியும் கேட்டான்.

கீழிருந்து விசில் ஊதிக்கொண்டு ஒருவர் ஏறி வந்தார். ஓட்டத்துக்குக் காவல் நிற்கும் நீலமேகம், அந்தத் தோட்டத்துக்காரர். "ஏனுங்க, பாதைய விட்டுட்டு இங்க என்ன பண்றீங்க? அவுட்டுங்க நீங்க."

"கேஸு வந்துச்சிபா."

"கேஸா? எங்க தோட்டத்துக் கோழி எருவுங்க அது. நேத்துதான் போட்டம். அப்புறம் பனி."

பீம்ராவ் மெல்லத் திரும்பினான். அவள் முகத்தைப் பார்த்ததுமே புரிந்துவிட்டது.

"உனுக்குத் தெரியுமா?"

"பாதில தெரிஞ்சிச்சி."

"ஏன் சொல்லல?"

"நீ ஏறிகினு இருந்தியே."

திட்டப்போகிறான் என்று நினைத்தாள். அவன் பாறையில் அவளை ஒட்டி உட்கார்ந்தான். சட்டையில் குத்தியிருந்த எண் அட்டையைப் பிய்த்து நீலமேகத்திடம் கொடுத்தான். அவர் அதை வாங்கிக்கொண்டு, "வர்ற வழிலயாவது ரிப்பன் பாத்து வாங்க" என்று முனகியபடி இறங்கினார். கீழே பனி கலைந்து ஏரியின் ஒரு மூலை மட்டும் வெளிவந்திருந்தது.

"கலீஜு நாத்தம் மே," என்றான் பீம்ராவ். நன்றாக, வேண்டுமென்றே, இழுத்து மோந்தான். பிறகு அவள் உரசிய முழங்காலைத் தன் மடியில் தூக்கி வைத்து, ஒட்டியிருந்த மண்ணை ஊதினான். நீளமாக ஊதினான். மண் போன பிறகும் ஊதிக்கொண்டிருந்தான்.