ஆர்க்கிட் மாலை

கோகிலவாணி மாலையைத் தலைகீழாகப் பிடித்துத் தட்டினாள். கீழே விரித்திருந்த கோடி வேட்டியில் மகரந்தத் தூள்போல ஏதோ உதிர்ந்தது. மகரந்தம் விழுந்த இடத்தில் கிடக்கும். இது ஓடியது.

"இலைப்பேன்" என்றாள்.

"ஏர்போர்ட்டுல பாக்குற வேலைய இங்கயுமாக்கா?" தம்பி ஹரிபிரசாத்தின் குரல் உடைந்தது. அப்பா சம்பந்தம் நேற்று மாலை நெஞ்சுவலியில் போய்விட்டார். கோலாலம்பூரிலிருந்து வந்து இறங்கி ஒரு மணி நேரம்தான் ஆகியிருந்தது அவனுக்கு. மூன்று வருஷமாக வராதவன், அப்பாவுக்காக வாங்கி வந்தது இந்த ஊதா மாலை ஒன்றைத்தான்.

"பூ வெச்சிருக்கேன்னு அங்க சொன்னியாடா?"

"கேட்டாத்தானே சொல்றதுக்கு."

சொல்லியிருந்தால் மாலை மீனம்பாக்கத்தைத் தாண்டியிருக்காது. வெளிநாட்டிலிருந்து வரும் செடி, விதை, பூக்களைச் சோதிக்கும் அதிகாரி அவள். உள்ளூர் இலைப்பேனா, வெளிநாட்டுப் புது வகையா என்பது கை லென்ஸில் தெரியாது, மைக்ரோஸ்கோப் வேண்டும். தெரியாதவரை புதியது என்றே வைத்துக்கொள்வார்கள்.

சித்தப்பா ரத்தினம் எட்டிப் பார்த்தார். "செத்தவருக்கு இனிமே இன்னாம்மா நோய் வரப்போவுது? போட வுடு."

"அவருக்கு வராது சித்தப்பா. கேம்ப் ரோடு பூரா பூவைப் பிச்சு எறிஞ்சிக்கிட்டே போவீங்க. மாடிக்கு மாடி மொளகா செடி வெச்சிருக்காங்க, இது பரவுனா எல்லாம் சுருண்டு போயிடும்."

"அப்ப குப்பையில போடச் சொல்றியா?" என்றான் ஹரி.

குப்பையிலும் போடக்கூடாது. பிடித்ததை எரிக்க வேண்டும். அதுதான் விதி. எத்தனையோ காகிதங்களில் அவளே எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். குளிப்பாட்டிக் கிடத்தியிருந்த அப்பாவைப் பார்த்தாள். சட்டென்று எழுந்தாள்.

"ஒரு சொம்பு தண்ணி கொண்டா."

வேட்டியை நனைத்து, மாலையை அதற்குள் வைத்து நான்கு சுற்று சுற்றினாள். ஈரத்துணியில் இந்தச் சின்ன உடம்புகள் ஒட்டிக்கொள்ளும். ஊர்ந்து வெளியே வர முடியாது. முடிச்சுப் போட்டு அப்பாவின் மார்பில் வைத்தாள்.

"இதை யாரும் அவுக்கக் கூடாது. நானும் வர்றேன்."

"பொம்பள புள்ள சுடுகாட்டுக்கா?" என்றார் சித்தப்பா.

ஹரி வண்டியில் தன் பக்கத்தில் அவளுக்கு இடம் விட்டு உட்கார்ந்தான்.

வழியெங்கும் சாமந்தி பறந்தது. ஈர மூட்டையின் மேலிருந்த கையை அவள் எடுக்கவில்லை.

எரிவாயு தகனமேடையில் வேலை பார்க்கும் வேதாசலம் எல்லோருக்கும் சொல்வதைச் சொன்னார். "மாலையெல்லாம் கயட்டி மூலையில போடுங்க. இது இன்னா மூட்டை? ஈரமா வேற கீது. இதையும் எடுங்க."

மூலையில் காலையிலிருந்து கழற்றிய மாலைகள் குவிந்து கிடந்தன. இரண்டு ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன.

கோகிலவாணி வாயைத் திறப்பதற்குள் ஹரி மூட்டையின் மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டான்.

"உள்ள பூச்சி இருக்குண்ணா. வெளிய விட்டா ஊரு பூரா பரவிடும். எங்கக்கா ஆபீசர். எரிச்சே ஆகணும்."

வேதாசலம் மூட்டையைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார்.

"பூச்சிக்கும் சேத்து நான்தான் கொளுத்தணுமா?" என்று முணுமுணுத்தபடியே தட்டை உள்ளே தள்ளினார். இரும்புக் கதவு இறங்கியது.

வெளியே சிமென்ட் பெஞ்சில் இருவரும் உட்கார்ந்தார்கள். ஹரி கேட்டான்.

"அது எப்படிக்கா பூவுக்குள்ள போவுது?"

"போறதில்லடா. அங்கயே பொறக்குது. தாய்ப்பூச்சி இதழைக் கீறி, உள்ள முட்டை வைக்கும். மூணு நாலு நாள்ல..."

புகைபோக்கியிலிருந்து மெல்லிய புகை எழுந்தது. அவள் நிறுத்திவிட்டாள்.

"ம்" என்றான் ஹரி, அண்ணாந்து பார்த்தபடியே. "அப்புறம்?"