பாதிக்குக் குறைவு

பதினோரு மாதமாகப் பூட்டிக் கிடந்த சலவைக்கடையின் பூட்டு, திறக்க மாட்டேன் என்று அடம்பிடித்தது. அந்தக் கடையிலேயே பல வருடம் தேய்த்துவந்த இஸ்திரிக்காரர் அவள் கையிலிருந்து சாவியை வாங்கி, மெழுகுவர்த்தித் துண்டில் ஒரு தேய்ப்புத் தேய்த்துப் போட்டார். திறந்துகொண்டது. கடைத்தெருவில் அவருக்குச் ‘சுருக்கம்’ என்று பெயர். துணியில் ஒரு சுருக்கம் இருந்தாலும் பொறுக்க மாட்டார் என்பதால் வந்த பெயர் என்பார்கள். மூன்று வார்த்தைக்கு மேல் பேச மாட்டார் என்பதால் வந்தது என்றும் சொல்வார்கள். இரண்டுமே உண்மைதான்.

கடை அவள் கணவர் முப்பது வருடத்துக்கு முன் மலையடியில் கட்டியது. பின்சுவருக்கும் மலைக்கும் நடுவே துணி உலர்த்த ஒரு முற்றம், அவ்வளவுதான் இடைவெளி. அதற்குப் பல வருடம் கழித்து அதே தெருக் கோடியில் மண் சரிந்து இரண்டு வீடு போனது. நகராட்சி வரைபடத்தில் மலையடி நெடுக ஒரு சிவப்புக் கோடு போட்டார்கள். கோட்டுக்குள் புதிதாக எதுவும் கட்டக்கூடாது. முன்பே இருப்பவை இருந்துவிட்டுப் போகலாம், ஆனால் ஒரு அறைகூடக் கூட்டக்கூடாது. பாதிக்கு மேல் இடிந்தால் திரும்பக் கட்டக்கூடாது. ஒரு தொழில் பன்னிரண்டு மாதம் தொடர்ந்து நின்றுபோனால் நின்றதுதான், அப்புறம் தலைகீழாக நின்றாலும் திறக்க முடியாது.

கணவருக்குப் பக்கவாதம் வந்தது கடையில், இயந்திரத்துக்குள் போர்வையைத் திணித்துக்கொண்டிருக்கும்போது. வலப்பக்கம் முழுதும் போயிற்று. பேச்சு ஒவ்வொரு சொல்லாக உதிர்ந்தது. பதினோராவது மாதம் நகராட்சிக் கடிதம் வந்தபோது அவள் கட்டிலோரம் உட்கார்ந்து உரக்கப் படித்தாள். மின்கணக்குப்படி கடை ஓடவில்லை, இன்னும் ஒரு மாதத்தில் உரிமை காலாவதியாகும்.

“திற,” என்றார் அவர்.

“என்னங்க, ஆஸ்பத்திரி சலவைப் பிரிவுல எனக்கு வேலை தர்றேன்னு சொல்றாங்க. நிம்மதியா போய்ட்டு வரலாம். அந்த மலையடியில போய்...”

“திற.” இடது கையால் கட்டில் சட்டத்தை ஓங்கித் தட்டினார்.

முப்பது வருடம் குடும்பம் நடத்தியவளுக்கு அந்தத் தட்டலின் அர்த்தம் தெரியும். திறந்தாள்.

முதல் வாரமே மேற்பார்வை அதிகாரி வந்தார். காலணிச் சேற்றை வாசல் படியில் தேய்த்துத் தேய்த்துத் துடைத்துவிட்டுத்தான் உள்ளே வந்தார். மூட்டைகளை எண்ணினார், துணியில் குத்தியிருந்த எண் சீட்டுகளைப் புரட்டினார், முற்றத்துக்குப் போய் மலையை அண்ணாந்து பார்த்தார்.

“பேருக்குத் திறந்தா செல்லாதும்மா. மூணு மாசம் விடாம தொழில் நடக்கணும். நடந்தாத்தான் உரிமை தொடரும்.”

“பின்னாடி ஒரு தடுப்புச் சுவர் கட்டிக்கட்டுமா சார்?”

“அது கூடுதல் கட்டுமானம். விட மாட்டாங்க.” அவர் குரலைத் தாழ்த்தினார். “உண்மையச் சொல்லட்டுமா? இந்த விதி போட்டதே இங்க இருக்கறதெல்லாம் மெல்ல மெல்லக் கொறஞ்சு போகட்டும்னுதான். நாங்க வந்து இடிக்க மாட்டோம். அதுபாட்டுக்குப் போகட்டும்.”

“அதுபாட்டுக்குப் போற வரைக்கும் உள்ள நிக்கிறது யாரு சார்?”

அதிகாரி கையெழுத்துப் போட்டார். போகும்போது, “மழை எச்சரிக்கை விட்ட நாள்ல மட்டும் மூடிடுங்க. அந்த நாளைக் கழிச்சுக்குவோம்,” என்றார்.

சுருக்கம் ஆறு மணிக்கெல்லாம் வந்துவிடுவார். அவள் முன்னறையில் துவைக்க, அவர் பின்னறையில் தேய்ப்பார். பக்கத்து விடுதியின் படுக்கை விரிப்புகள் திரும்ப வந்தன. ஒன்றிரண்டு பழைய வாடிக்கையாளர்கள் சட்டைகளோடு எட்டிப்பார்த்தார்கள். சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போய் அன்றைக்கு எத்தனை துணி என்று சொன்னால், கணவரின் முகத்தில் நல்லபடியாக இருந்த பாதி மட்டும் சிரிக்கும்.

மூன்றாவது மாதம் மழை பிடித்துக்கொண்டது. எச்சரிக்கை விட்ட நான்கு நாளும் மூடினாள். ஐந்தாம் நாள் திறந்தபோது முன்னறைக்கும் பின்னறைக்கும் இடையிலிருந்த கதவு பாதியில் நின்றது.

“கதவு பிடிக்குது, அண்ணி,” என்றார் சுருக்கம்.

“மழையில மரம் உப்பியிருக்கும். கொஞ்சம் சீவி விடு தம்பி.”

சீவினார். மறுநாள் மறுபடி பிடித்தது. மறுபடி சீவினார். அதற்கடுத்த நாள் அவர் கதவின் மேல்சட்டத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, “மரம் இல்ல. சுவர்,” என்றார். நிலையே ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது.

அவளும் பார்த்தாள். சுவரில் மாட்டியிருந்த நாட்காட்டியையும் பார்த்தாள். மூன்று மாதம் முடிய இன்னும் ஒன்பது நாள் இருந்தது.

“இன்னும் ஒன்பதே நாள் தம்பி. முடிஞ்சதும் மூடிட்டு ஆளைக் கூட்டிட்டு வந்து பாப்போம்.”

அவர் தலையை ஆட்டிவிட்டுத் தேய்க்கப் போனார்.

அன்றைக்கு வெயில். மேகம் ஒரு துண்டுகூட இல்லை. பத்து மணிக்கு விடுதிக்குக் கொடுக்க வேண்டிய விரிப்புகளைக் கைவண்டியில் அடுக்கித் தள்ளிக்கொண்டு போனாள். விடுதிக்காரி எண்ணி வாங்கிக்கொண்டிருக்கும்போது, லாரியிலிருந்து ஜல்லி கொட்டுவதுபோல ஒரு சத்தம் கேட்டது. அது நிற்காமல் வந்துகொண்டே இருந்தது.

அவள் ஓடிவந்தபோது கடையின் முகப்பு அப்படியே இருந்தது. பெயர்ப்பலகைகூடக் கோணவில்லை. உள்ளே முன்னறையில் இயந்திரம் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. பின்னறைக் கதவு மூடியிருந்தது, அதன் கீழிடுக்கு வழியே சேறு பிதுங்கிக்கொண்டிருந்தது. அவள் கதவைத் தோளால் இடித்தாள். தம்பி, தம்பி என்று கத்தினாள். கதவு அசையவில்லை.

தீயணைப்பு ஆட்கள் மதியம் அவர் உடலை எடுத்தார்கள். மேசையருகே இல்லை, கதவுக்கு உள்பக்கம் ஒரு முழம் தள்ளிக் கிடந்தார். சத்தம் கேட்டு ஓடிவந்திருக்கிறார், கதவு திறக்கவில்லை. அவருடைய தங்கை வந்து முகத்தைத் துடைத்தாள். இவளிடம் எதையும் கேட்கவில்லை. ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம்.

கணவரிடம் சொல்ல வேண்டாம், இன்னொரு தடவை வாதம் வந்தால் தாங்க மாட்டார் என்றார் மருத்துவர். மண் விழுந்தது, கடை மூடியிருக்கிறது என்று மட்டும் சொன்னாள்.

பத்து நாள் கழித்து அதிகாரி அளவு நாடாவோடு வந்தார். சுவர் சுவராக அளந்தார். எழுதி முடித்துவிட்டு அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

“நாப்பத்தி நாலு சதவீதம்தான்மா. பாதிக்குக் கொறைவு. ஒரு வருஷத்துக்குள்ள விண்ணப்பிச்சா நீங்க திரும்பக் கட்டிக்கலாம்.”

“பாதிக்கு மேலன்னு எழுதுங்க சார்.”

“பொய்யா எழுத முடியாதும்மா.”

“அப்ப நீங்க நெஜத்தையே எழுதுங்க. பொய்ய நான் சொல்லிக்கிறேன்.”

வீட்டுக்குப் போனாள். கணவரைத் தலையணையில் சாய்த்து உட்காரவைத்து, வாயோரம் துடைத்துவிட்டாள்.

“பாதிக்கு மேல போயிடுச்சாம். இனிமே கட்ட விட மாட்டாங்களாம்.”

கட்டில் சட்டத்தைத் தட்டுவார், கத்துவார், குறைந்தது அழுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் சன்னல் பக்கம் முகத்தைத் திருப்பினார். பிறகு உதட்டைக் கூட்டிக் கூட்டிச் சொற்களைத் தேடினார்.

“அவன்...” என்றார். “அவன்... எங்க... போவான்?”

சுருக்கத்தைத்தான் கேட்கிறார் என்று அவளுக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. புரிந்ததும் கட்டிலோரம் உட்கார்ந்தாள். இந்தக் கேள்விக்கு எந்தப் பொய்யும் அவளிடம் தயாராக இல்லை. தம்பிக்கும் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்துவிட்டது என்று ஒரு வரி சொல்லியிருக்கலாம். அவருடைய இடது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, கதவு பிடித்த முதல் நாளிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னாள். சீவச் சொன்னதையும் சொன்னாள். ஒன்பது நாள் என்றதையும் சொன்னாள்.

அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை. ஆனால் அன்றைக்குப் பிறகு அவர் வாயிலிருந்து ஒரு சொல்கூட வரவில்லை. நோய்தான் முற்றிவிட்டது என்றார் மருத்துவர்.

அடுத்த வாரம் ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் சேர்ந்தாள். அங்கே இஸ்திரி கிடையாது, உலர்த்தி மடித்து அனுப்புவதோடு சரி. ஒரு வருடம் கழித்து நகராட்சியிலிருந்து, மலையடி மனையில் தொழில் உரிமை காலாவதியாகிவிட்டது என்று கடிதம் வந்தது. சாப்பாட்டு இடைவேளையில் அதைப் படித்து முடித்து, மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, அடுத்த மூட்டையை அவிழ்த்தாள்.