நாற்பத்தோராம் ஆமை

ஊர்வன ஆராய்ச்சி என்றால் எங்கள் ராஜகீழ்ப்பாக்கம் காலனியில் பாம்பு பிடிக்கிற அம்மா என்று அர்த்தம். பாத்ரூமில் பூரான் வந்தாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். பூரான் ஊர்வன இல்லை என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

என் வேலை ஆமை. பெருங்களத்தூர்ப் பக்கம் ஓர் ஏரியில் கறுப்பு ஆமைகளைப் பிடித்து, ஓட்டின் ஓரத் தகட்டில் அரத்தால் சின்ன வெட்டுக்குறி போட்டு, திரும்ப விடுவேன். நகம் வெட்டுகிற மாதிரிதான், வலிக்காது. இடப்பக்கம் எத்தனையாவது தகட்டில் குறியோ அத்தனை பத்து, வலப்பக்கம் எத்தனையாவதோ அத்தனை ஒன்று. அப்படி அறுபத்து மூன்று ஆமைகளுக்கு எண் கொடுத்தேன். 2015 வெள்ளத்துக்குப் பிறகு ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. அரத்தை அலமாரியில் போட்டுவிட்டுக் கல்லூரியில் பாடம் நடத்தப் போய்விட்டேன்.

இந்த மாசியில் ஏரிக்கு நடைபாதை போட வந்தார்கள். கிழக்குக் கரை முழுக்க கான்கிரீட். ஆமைகள் முட்டையிடும் மணல் அந்த ஒரு கரையில்தான் இருக்கிறது. வேலையைப் பார்க்கும் இன்ஜினியர் ஸ்ரீரங்கனிடம் சண்டைக்குப் போனேன். அவர் மரியாதையாகப் பேசினார், அதுவே எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

“உங்க பழைய ரிப்போர்ட் ஃபைல்ல இருக்கு, ரோஹிணி மேடம். ஆனா வெள்ளத்துல எல்லாம் போயிருக்குமே? நீங்க நம்பர் போட்ட ஆமை ஒண்ணு, ஒண்ணே ஒண்ணு இந்த ஏரியில இன்னும் இருக்குன்னு காட்டுங்க. அந்தக் கரையை விட்டுடறேன். திங்கட்கிழமை லாரி வருது.”

ஐந்து நாள் வலை போட்டேன். விறால் வந்தது, பிளாஸ்டிக் செருப்பு வந்தது. கறுப்பு ஆமையைப் பார்த்தால் அழையுங்கள் என்று கரையெல்லாம் நோட்டீஸ் ஒட்டினேன். சனிக்கிழமை காலையில் போன் வந்தது.

“மேடம், ஏரில பைப் வேலை பாக்குற சவுரிமுத்து பேசுறேன். நம்ம வூட்டுக் கெணத்துல ஒரு ஆமை கீது. அனகாபுத்தூரு.”

ஆட்டோ பிடித்து ஓடினேன். சந்துக்குள் வீடு. சவுரிமுத்துவின் மனைவி ஜான்சி கிணற்றடியில் காத்திருந்தாள்.

“வூட்டுக்குள்ள ஆமை வரக்கூடாதுன்னு சொல்ட்டேன்க்கா. அதான் கெணத்துல வுட்டுக்கிறாரு.”

வாளியில் ஆமை மேலே வந்தது. ஓட்டின் ஓரம் முழுக்க விரலை ஓட்டினேன். வழவழவென்று இருந்தது, ஒரு குறி இல்லை. எங்கிருந்தோ வந்த ஏதோ ஓர் ஆமை. ஏமாற்றம் தாங்காமல் சவுரிமுத்து மீது பாய்ந்தேன்.

“இதை வளர்க்கிறது சட்டப்படி தப்புன்னு தெரியுமா? ஜெயில்ல போடுவாங்க!”

மனிதர் வெலவெலத்துப் போனார்.

“வளக்கல மேடம். மார்கழில பைப்புக்குப் பள்ளம் நோண்டச்சொல்ல, கரை மண்ணுல இது குந்திகினு இருந்துச்சு. ஓட்டுல ரெண்டு எடத்துல ஒடைஞ்சு கீது. நம்ம கடப்பாறைதான் பட்டுச்சுன்னு மனசு பேஜாராப் பூட்ச்சு. பைப் லீக்குக்குப் போடுற பசையை வெச்சு அடைச்சேன். ஆறுனதும் வுட்டுடலாம்னு இட்டாந்தேன்.”

“எங்க அடைச்சீங்க?”

தொட்டுக் காட்டினார். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மேலே கறுப்பு பெயிண்ட் வேறு அடித்திருந்தார். வீட்டுச் சாவியால் சுரண்டினேன். பசை பெயர்ந்து விழுந்தது. இடப்பக்கம் நாலாவது தகட்டில் என் வெட்டு, வலப்பக்கம் முதல் தகட்டில் என் வெட்டு. நாற்பத்தொன்று. 2009 மழையில் தொப்பலாக நனைந்துகொண்டு நான் குறி போட்ட பெண் ஆமை.

கிணற்றடி ஈரத்திலேயே உட்கார்ந்து அழுதேன். இத்தனை வருடம் என் வேலை தண்ணீரோடு போயிற்று என்று நினைத்திருந்தேன். ஜான்சி பயந்துபோய் டீ போட ஓடினாள்.

“நான் எதுனா கெடுத்துட்டேனா மேடம்?” என்றார் சவுரிமுத்து.

“இல்லப்பா. உங்க வேலை ரொம்ப நல்ல வேலை. அதான் பிரச்சினை.”

டீ குடிக்கும்போதுதான் உறைத்தது. முட்டையிடுகிற மார்கழியில், கரை மண்ணில் ஏன் உட்கார்ந்திருந்தது?

“சவுரிமுத்து, அது பின்னங்காலால மண்ணைத் தள்ளிக்கிட்டு இருந்துதா?”

“ஆமா மேடம். எடம்கூட ஞாபகம் கீது. கெழக்குக் கரைல, பைப் வால்வு பக்கத்துல.”

திங்கட்கிழமை, கான்கிரீட் லாரி உறுமிக்கொண்டு நின்றது. ஸ்ரீரங்கன் ஆமையின் வெட்டுக்குறிகளை ஃபைலில் இருந்த என் படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார். “கிணத்துல கிடைச்ச ஆமைதானே மேடம், ஏரியில இல்லையே?” என்று இழுத்தார்.

நான் வால்வு பக்கத்தில் மண்டியிட்டேன். முட்டைக் குழியைத் தொடுகிறவர்களை உண்டு இல்லை என்று பண்ணிவிடுகிறவள் நான். அன்றைக்கு நானே இரண்டு விரலால் மணலை ஒதுக்கினேன். நீளமாய், வெள்ளையாய் ஐந்து முட்டைகள். ஒன்றில் விரிசல். விரிசலுக்குள் மிளகளவு ஒரு மூக்கு அசைந்தது.

ஸ்ரீரங்கன் அயர்ன் பண்ணின பேண்ட்டோடு சேற்றில் குந்திப் பார்த்தார். பிறகு எழுந்து லாரியைப் பார்த்துக் கத்தினார்: “ரிவர்ஸ் எடுப்பா. இந்தக் கரை கிடையாது.”

மணலை மூடினேன். நாற்பத்தொன்றைத் தண்ணீர் ஓரத்தில் விட்டேன். திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டது.

“குட்டிக்கு இன்னா நம்பர் மேடம்?” என்றார் சவுரிமுத்து.

“அறுபத்து நாலு. குறி போடற அளவுக்கு ஓடு கெட்டிப்பட மூணு நாலு வருஷம் ஆகும். அதுவரைக்கும் நான் வந்துக்கிட்டுத்தான் இருப்பேன்.”

“வாங்க மேடம். இந்த தபா பசை எடுத்தார மாட்டேன்.”